கவிழ்ப்பதற்கு முன் ஒரு பார்வை

தாளை மெஷின் கண்ணாடியில் கவிழ்ப்பதற்கு முன்னால் மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மூடியை இறக்குவாள் கலையரசி. யாருடைய தாள், என்ன தாள் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், வெங்கடேசனின் ஜெராக்ஸ் கடையில் ஒன்பது வருடமாக நிற்கிறாள். கிரயப் பத்திரம், கோர்ட் மனு, நர்சிங் மாணவிகளின் நோட்டு, போர்வெல் மோட்டாரின் விளக்கப் புத்தகம், மக்காச்சோளப் புழுவுக்கு என்ன அடிப்பது என்கிற துண்டுப் பிரசுரம் என்று எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஆங்கிலமாக இருந்தால் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாள்.

படிப்பு பத்தாவதோடு நின்றது. கல்வராயன் மலையில் சாமை விளைகிற ஊரில் பிறந்தவள், வாழ்க்கைப்பட்டது வடக்கனந்தலில். பள்ளியில் அறிவியல் என்றாலே தலைவலி வந்தவளுக்கு இன்றைக்கு இன்சுலினை ஏன் பிரிட்ஜில் வைக்கிறார்கள் என்பது தெரியும். "பாஸாவணும்னு படிச்சப்ப ஒன்னும் ஏறல. இங்க சும்மா படிச்சிக்கினு நின்னேன், தானா ஏறிக்கிச்சு" என்பாள், ஏதோ அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல.

மை திட்டாக விழுந்து கெட்டுப்போன நகல்களை அவள் குப்பையில் போடுவதில்லை. ஊசியால் கோத்து ஒரு தடித்த நோட்டாக்கி வைத்திருக்கிறாள். மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் விதம் ஒரு பக்கம், குழந்தை பெற்றவளைக் கவனிக்கும் முறை அடுத்த பக்கம். ஒழுங்கு என்று ஒன்றும் இல்லை, ஆனால் எது எங்கே என்று அவளுக்குத் தெரியும். டீக்கடைக் கிரைண்டர் சுற்றாமல் உறுமிக்கொண்டு நின்றபோது, "கெப்பாசிட்டர மாத்திப் பாருங்க" என்று சொன்னவள் அவள்தான். மாற்றினார்கள், ஓடியது.

இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைப்பானேன். படிக்கிற மும்முரத்தில் ஒருவர் ஆதார் அட்டை நகல் இன்னொருவர் கட்டோடு போய்விடும். போன மாதம் மணலூர்பேட்டை ஐயப்பனின் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "சர்வே நம்பர் தப்பா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் நேராகப் போய்ப் பத்திர எழுத்தரின் சட்டையைப் பிடித்தார். கடைசியில் பார்த்தால் அது நிலத்தை உட்பிரிவு செய்தபோது விழுந்த புது நம்பர். உட்பிரிவைப் பற்றி அவளிடம் இதுவரை ஒரு தாளும் வந்து சேரவில்லை. அந்த எழுத்தர் இப்போது தன் வேலையையெல்லாம் எதிர்க் கடைக்குக் கொடுக்கிறார்.

"இன்னொரு தபா கஸ்டமர் பேப்பர படிச்சி வாயத் தொறந்தின்னா, வூட்டோட இருந்துக்கோ" என்றார் வெங்கடேசன். அதிர்ந்து பேசாத மனிதர். அதனாலேயே அது உறைத்தது. கணவன் முருகவேலுக்குக் கரும்பு வெட்டு இருக்கும் நாளில்தான் கூலி. இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது. அன்றிலிருந்து தாளைப் பார்க்காமல் கவிழ்க்கப் பழகிக்கொண்டாள். பத்தியச் சோறு சாப்பிடுகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை மலையிலிருந்து அவள் பிறந்த ஊர்ப் பெரியவர் கண்ணுசாமி வந்தார். மரவள்ளி தோண்டும்போது மண்வெட்டி காலில் இறங்கி, புண் சீழ் பிடித்திருந்தது. ஏதோ உதவித்தொகைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாவற்றின் நகலும் கேட்டார்களாம். பையிலிருந்து ஒரு பழைய சீட்டையும், அன்று டாக்டர் எழுதித் தந்த புதுச் சீட்டையும் எடுத்து நீட்டினார். பழையது மடிப்பில் கிழிந்திருந்தது. அதைப் பார்க்காமல் நேராக்க முடியாது. பார்த்தாள். சிவப்பு மையில் பென்சிலின் அலர்ஜி என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. புதுச் சீட்டில் அமாக்சிசிலின்.

நர்சிங் நோட்டில் பென்சிலின் வகை மருந்துகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இந்தப் பெயரும் இருந்ததாக ஞாபகம். வெறும் ஞாபகம்தானா? ஐயப்பனின் முகம் கண்முன் வந்தது. முதுகுக்குப் பின்னால் வெங்கடேசன் புதுத் தாள்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, இந்தப் பழைய சீட்ட டாக்டராண்ட காமிச்சீங்களா?"

"அத எதுக்கும்மா காமிக்கணும்? அது எப்பவோ ஊசி போட்டு மூச்சு முட்டிப்போன அன்னிக்கிக் குடுத்தது. இது கால் புண்ணு. காலுக்கு உண்டான சீட்டத்தான காமிக்கணும்?"

அவள் மேசைக்கு அடியிலிருந்து தன் நோட்டை எடுத்தாள். பிரித்த வேகத்தில் இரண்டு பக்கம் கிழிந்தது. பட்டியல் கிடைத்தது, பெயரும் இருந்தது. நோட்டையும் இரண்டு சீட்டுகளையும் வெங்கடேசன் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"அண்ணா, நான் ஒன்னும் சொல்லல. நீங்களே படிங்க."

அந்தக் கடையில் வெங்கடேசன் ஒரு தாளை முழுசாகப் படித்தது அன்றுதான். மூக்குக்கண்ணாடியை மாட்டி, உதடு அசைய, மூன்றையும் இரண்டு முறை படித்தார். "மாத்திரை வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க. நகல் எடுத்துக்கினு மெடிக்கலுக்குப் போலாம்னு."

"வாங்காதீங்க. ரெண்டு சீட்டையும் எடுத்துக்கினு மொதல்ல டாக்டராண்ட போங்க." தானே தெருவில் இறங்கி ஒரு ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

ஒரு மணி நேரம் கழித்து கண்ணுசாமி காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். "செம திட்டு, போ. மொதல்லயே காட்றதுக்கு இன்னா கேடுன்னு கேட்டாரு. மருந்த மாத்திட்டாரு" என்று புதிதாக எழுதிய சீட்டை நகலுக்கு நீட்டினார்.

கலையரசி அதை வாங்கிக்கொண்டு வெங்கடேசனைப் பார்த்தாள். அவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, வரிக்கு வரி விரலை ஓட்டி, டாக்டரின் கையெழுத்து வரை படித்தாள். பிறகு கவிழ்த்து வைத்து மூடியை இறக்கினாள்.