நின்ற படமா, படுத்த படமா

தொண்டு நிறுவனங்களுக்கு வீடியோ செய்து கொடுக்கிற தொழிலில் வெட்டி ஒட்டுவது கொஞ்ச வேலைதான். அதை எந்த வடிவில், எந்த அளவில் போனுக்குள் அனுப்புவது என்று சண்டை போடுவதுதான் மிச்சம் அத்தனையும்.

நான் கல்யாண வீடியோ எடுத்தவன். முட்டு போய்விட்டது, மண்டபத்தில் நிற்க முடியாது. அதனால் வண்ணார்பேட்டையில் பஸ் ஹாரன் ஓயாத ஒரு மாடியில் உட்கார்ந்து இந்த வேலை. டிரஸ்ட், சங்கம், இல்லம் என்று யார் படம் கொண்டுவந்தாலும் வெட்டி, எழுத்துப் போட்டு, ரீல்ஸுக்கு ஒன்று, ஸ்டேட்டஸுக்கு ஒன்று, யூடியூபுக்கு ஒன்று எனப் பிரித்துக் கொடுப்பேன். நீங்களும் இதில் மாட்டியவர் என்றால் மேலே படியுங்கள். மாட்டாதவர் நிம்மதியாக இருங்கள்.

ஆறு போன இடம்

தாமிரபரணியில் இறங்கிப் பழந்துணியும் பிளாஸ்டிக்கும் அள்ளுகிற ஒரு குழு. நல்ல காரியம். போனைப் படுக்கவைத்துப் படம் எடுத்து வந்தார்கள். அகலமான ஆறு, கரை நெடுக ஆட்கள், பார்க்க நன்றாகவே இருந்தது. ரீல்ஸில் போட வேண்டும், திரை முழுக்க அடைக்க வேண்டும் என்றார்கள். படுத்த படத்தை நிமிர்த்தினால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும் என்றேன். படட்டும் என்றார்கள். திரும்பவும் கேட்டேன். படட்டும்.

நடுவில் இருந்தது மட்டும் மிஞ்சியது. ஒருவருடைய முதுகு, ஒரு சாக்கு மூட்டை. குழுவின் செயலாளர் போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். திருப்பினால் முதுகுதான் சாய்ந்தது. கடைசியில் கேட்டார்: "எல்லாம் சரி அண்ணாச்சி. ஆறு எங்க?"

மூன்று விரல்

இது வேறு கதை. இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் இல்லம். வழிதவறி வந்த பெண்களை வைத்துப் பார்க்கிற இடம். நடத்துகிறவர் ஜெபா டீச்சர், பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றவர். நாங்குநேரி பஸ் நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் போலீஸ்காரர்கள் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். நாற்பது வயது இருக்கும். காது கேட்காது, பேச்சு வராது, எழுதத் தெரியாது. இல்லத்தில் ராணி என்று பேர் வைத்தார்கள். மாதக் கடைசிக்குள் சொந்தக்காரர் யாரும் வராவிட்டால் வெளி மாவட்டத்துப் பெரிய இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போய்விட்டால் இங்கே தேடுகிறவன் கண்ணில் எப்படிப் படுவாள்?

அவள் செய்வது ஒன்றுதான். வலது கையில் கடைசி இரண்டு விரலை மடக்குவாள். மிச்ச மூன்றையும் நீட்டியபடி நெஞ்சில் இரண்டு தட்டு. பிறகு கேட்டைப் பார்ப்பாள். காது கேளாதோர் பள்ளியில் வேலை பார்க்கிற ஒருவரை அழைத்துக் காட்டினார்கள். இது பள்ளிக்கூடச் சைகை இல்லை, வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்ட சைகை என்று சொல்லிவிட்டார். மூன்று பிள்ளை இருக்கிறது என்கிறாள் என்றார் இல்லத்தை வைத்திருக்கிற டிரஸ்டின் பொருளாளர். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்கிறாள் என்றார் சமையல்காரம்மா. டீச்சர் என் கடைக்கு வந்து, வீடியோ போட்டுத்தான் ஆளைத் தேட வேண்டும் என்றார். அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "நமக்கு விளங்கலேன்னா போவுது அண்ணாச்சி. விளங்குதவங்க கண்ணுல அந்தக் கை பட்டாப் போதும்."

வட்டம் வட்டமாகத் தலைகள்

டிரஸ்டின் தலைவர் திசையன்விளையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். தாராள மனசு. ஆனால் வெளியே போகிற எதுவும் அவருக்கு பேனர் மாதிரி இருக்க வேண்டும். ராணியைத் தன் போனில் அவரே எடுத்திருந்தார், படுக்கவைத்து. டிவி படுத்துத்தானே இருக்கிறது என்பது அவர் வாதம். அந்தப் படத்தை நின்ற திரையில் முழுசாக வைத்தால் நடுவில் ஒரு பட்டை. மேலேயும் கீழேயும் காலி. காலி இடத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். மேலே நன்கொடையாளர்களின் முகத்தை வட்டம் வட்டமாக வைக்கச் சொன்னார். கீழே அவர், கைகூப்பியபடி. நடுவில் ராணி தீப்பெட்டி அளவு. அவள் விரலைப் பார்க்க பூதக்கண்ணாடி வேண்டும்.

வேண்டாம் அண்ணாச்சி என்றேன். கொடுத்தவர்களுக்கு மரியாதை செய்யாமல் எப்படி என்றார். அவர் டிரஸ்ட், அவர் படம். போட்டேன். மறுநாளே வள்ளியூரிலிருந்து ஒருவர் டீச்சருக்கு போன் செய்தார். தகவல் கிடைத்துவிட்டது என்று டீச்சர் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். போன் செய்தவர் சொன்னது இது: "மேல ரெண்டாவதா இருக்காவல்லா அந்த அண்ணாச்சி, அவிய தொலையலியே. நேத்துதான் கடையில பாத்தேன்."

அடியில் போட்ட நம்பர்

தலைகளைத் தூக்கிவிட்டேன். திரை முழுக்க ராணியை நிரப்பச் சொன்னார் தலைவர். இருப்பதோ அதே படுத்த படம். பெரிதாக்கினால் முகம் மட்டும் நிற்கும், கை கீழே போய்விடும் என்றேன். முகம் போதாதா, ஆதார் கார்டில் கையா போடுகிறான் என்றார். புதிதாக எடுத்து வாருங்கள் என்றேன். நாள் போகிறது, இதையே போடும் என்றார். நாள் போவது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த தகராறு போன் நம்பர். நோட்டீஸில் நம்பர் கடைசி வரியில்தான் வரும், அதனால் இதிலும் அடியில்தான் என்றார். அடியில் போடக்கூடாது, அங்கே அந்த ஆப் தன்னுடைய எழுத்தையும் பொத்தானையும் கொண்டுவந்து வைக்கும் என்றேன். என் கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுக் காட்டி, பளிச்சென்று தெரியுதுல்லா என்றார். என் கம்ப்யூட்டரில் தெரியும். ஊர்க்காரன் என் கம்ப்யூட்டரிலா பார்க்கிறான்? அவர் சொன்னபடி அடியிலேயே போட்டேன். விருப்பக்குறியும் கும்பிடுகிற கையும் வந்து குவிந்தன. போன் ஒன்றுகூட வரவில்லை. ஊர்ல ஈரம் செத்துப்போச்சு என்று தலைவர் நொந்துகொண்டார். டீச்சர் தன் போனை நீட்டி, யாரோ முன்பின் தெரியாத ஒருவர் கீழே எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார்: "மனச உருக்கிட்டீங்க. யாருக்கு போன் பண்ணணும்னு மட்டும் சொல்லலை."

பொருளாளரின் வயலின்

பொருளாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரன் போனில் வீடியோ வெட்டுகிற ஓர் ஆப் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதிலிருந்து என் பிழைப்பில் கை வைக்கிறார். தலைவரின் முழுப் படத்தை வாங்கி, ஸ்டேட்டஸில் நீளமாக இருந்தால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்று, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டார். ராணி கொசு அடிக்கிற மாதிரி இருந்தது. போதாததற்கு ஒரு சோக வயலின். காது கேளாத பெண்ணுக்கு வயலின்.

கடைக்கு வந்து பெருமையாகக் காட்டினார். பாதிப் பேர் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறார்கள், இது எதற்கு என்றேன். இல்லையென்றால் அழுகை வராது என்றார். யார் அழ வேண்டும் என்று கேட்டேன். "பாக்குதவங்கதான். அழுதாத்தான ஷேர் பண்ணுவாவ?"

சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

ராணி கடற்கரைப் பெண் என்று கண்டுபிடித்தது டீச்சர். இல்லத்தில் மீன் வாங்கிய அன்று சமையல்காரம்மா கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி, அத்தனையையும் ஒரு நொடியில் அரிந்து அலசி வைத்துவிட்டாளாம். துணிக்கொடி அறுந்தபோது அவள் போட்ட முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லையாம். சரி, கடற்கரை ஊர்களுக்கு அனுப்புவோம் என்று முடிவானது. அனுப்பும் பொறுப்பைத் தலைவர் எடுத்துக்கொண்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு குறையும் என்று எவனோ அவரிடம் சொல்லியிருக்கிறான். ஃபோர் கே என்கிற பெரிய அளவிலேயே, குறையாமல், கோப்பாக அனுப்பிவிட்டார். அந்தக் கனத்தை இழுக்க அங்கே சிக்னல் வேண்டாமா?

சாயங்காலம் கடற்கரை ஊர் ஒன்றில் சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் டீச்சரைக் கூப்பிட்டார். யாரும் அடையாளம் சொன்னார்களா என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "அடையாளமா? காலையில இருந்து வட்டந்தான் சுத்துது டீச்சர். ஊரே உக்காந்து வட்டத்தப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

அரை நிமிஷம்

மாதம் முடியப் போகிறது. ராணியை மாற்றுவதற்கு வண்டி கேட்டாகிவிட்டது என்றார் டீச்சர். எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. முட்டுக்கு ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு நானே இல்லத்துக்குப் போனேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால், கேட் தெரிகிற ஜன்னலின் வெளிச்சத்தில் ராணியை உட்காரவைத்தேன். போனை நிமிர்த்திப் பிடித்தேன். இரண்டு முழங்கையும் உள்ளே வருகிற மட்டும் பின்னால் போனேன். தலைக்கு மேலே எழுத்துக்கு இடம் விட்டேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கேட்டைத் திறந்து மூடுங்கள் என்று டீச்சரிடம் சொன்னேன். திறந்தார். உடனே அந்தக் கை எழுந்தது. இரண்டு விரல் மடங்கி, நெஞ்சில் இரண்டு தட்டு. மூன்று தடவை திறக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை எனக்கே கஷ்டமாக இருந்தது. போதும் என்று நிறுத்திவிட்டேன்.

அரை நிமிஷம். பாட்டு இல்லை. வேகம் அவளுடைய வேகம். நம்பர் தலைக்கு மேலே, சுவரில் எழுதியது போலப் பெரிதாக. கோப்பைச் சுருக்குவதில்தான் பாடு. சுருக்கச் சுருக்க விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு களிமண் உருண்டை ஆகிவிடுகிறது. சுருக்காவிட்டால் கடற்கரையில் வட்டம் சுற்றும். கொஞ்சம் சுருக்கி, என் கீறல் விழுந்த பழைய போனுக்கு அனுப்பி, விரல் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்து, திரும்பச் சுருக்கி... கடையில் என் பக்கத்தில் தலைவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒருவழியாக முடிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். மேலே தேடினார், கீழே தேடினார். "எல்லாம் இருக்குவே. நம்ம பேரு எங்க?"

பேர்

அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். கடையில் போன் அடித்தாலே எழுந்து நின்றேன். மசாலா கம்பெனிக்காரன், லோன் வேண்டுமா என்று கேட்கிறவன், எல்லாரும் என்னிடம் திட்டு வாங்கினார்கள்.

மாற்றுவதற்கு முந்தின நாள் டீச்சர் அழைத்தார். ஆள் வந்திருக்கிறார், வாருங்கள். ஆட்டோ பிடித்துப் போனேன். ஐம்பது வயதுக்காரர், விசைப்படகில் வேலை. கடற்கரையில் ஒரு சின்ன ஊர். ராணிக்கு அண்ணன். இவர் கடலுக்குப் போயிருந்தபோது, சந்தைக்கு வந்த கூட்டத்தோடு அவள் ஏதோ பஸ்ஸில் ஏறிவிட்டிருக்கிறாள். இவர் தூத்துக்குடிப் பக்கம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், அரை நிமிஷப் படத்தைப் பார்த்ததும் இங்கே வந்துவிட்டார். தலைவர் போட்ட முதல் வீடியோ அப்போதே இவருக்கு வந்ததாம். வட்டம் வட்டமாக ஆட்களைப் பார்த்து ஏதோ தேர்தல் சமாச்சாரம் என்று தள்ளிவிட்டாராம். தலைவர் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆதார், பழைய குடும்பப் படம் எல்லாம் டீச்சர் ஒழுங்காகச் சரிபார்த்தார். பிறகு ராணியை அழைத்து வந்தார்கள். கதவருகே நின்றாள். அண்ணன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். கடைசி இரண்டு விரல் இல்லை. வலை இழுக்கிற கயிறு எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ராணி தன் இரண்டு விரலை மடக்கினாள். நெஞ்சில் தட்டினாள், தட்டினாள், நிறுத்தவே இல்லை. மூணுன்னா என்ன, மூணுன்னா என்ன என்று நாங்கள் இத்தனை நாளும் மண்டையை உடைத்துக்கொண்டதை டீச்சர் அவரிடம் சொன்னார். அவர் தங்கச்சி தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "மூணும் இல்ல, ஒண்ணும் இல்ல டீச்சர். அது எம்பேரு. அவ அப்படித்தான் என்னக் கூப்பிடுவா."

அந்தச் சந்திப்பையும் தலைவர் போனைப் படுக்கவைத்துத்தான் எடுத்தார், நானும் அதை நிமிர்த்தத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் இந்தத் தடவை யார் தலையையும் வட்டத்தில் வைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.