சின்னிக்கு ஊட்டும் ரொட்டி

கருப்பம்மாவின் நாய் சின்னி ஒரே குரைப்பில் ஒன்பது யானைகளைத் துரத்தியது என்று சேரம்பாடி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் வந்தது ஒரு யானைதான். அதுவும் தானாகவே போய்விட்டது.

அந்தச் சின்னிக்கு இப்போது கண் தெரியவில்லை, பின்னங்கால்கள் எழவில்லை. சிறுத்தை நடமாடும் இடத்தில், தொழிலாளர் லைன் வீட்டில் தனியே விட மனமில்லாமல், கருப்பம்மா அதைக் கொழுந்துச் சாக்கில் வைத்து முதுகில் சுமந்து தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறாள். வெயில் விழும் பாறையில் கிடத்திவிட்டுப் பக்கத்திலேயே கொழுந்து பறிப்பாள்.

“ஏனுங்க கருப்பம்மா, அந்தச் சாக்கையும் எடை போட்டுறலாங்களா?” என்பார் மேஸ்திரி ஜீவா.

“அது முத்தின இலைங்க. ஃபேக்டரியில எடுக்க மாட்டாங்க.”

சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியைப் பால் ஊற்றாத தேத்தண்ணியில் ஊறவைத்து விரலால் ஊட்டுவாள். தின்று முடித்ததும் சின்னி அவள் மடியில் முகத்தைத் தேய்க்கும். நாள் முழுவதிலும் கருப்பம்மா சிரிப்பது அப்போதுதான். தின்பதை நிறுத்தினால் கொண்டு வா, ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இன்று எங்கள் பள்ளிக்கு விடுமுறை என்பதால் நானும் அவர்களோடு பாறையில் உட்கார்ந்திருந்தேன். முதல் வாய் ரொட்டி வெளியே வழிந்தது. அடுத்ததும் வழிந்தது. கருப்பம்மா சின்னியின் வாயிலிருந்து விரலை எடுக்காமல் வெகுநேரம் காத்திருந்தாள். விரல் அசைவது எனக்குத் தெரிந்தது.

“பாரு கருப்பம்மா, விரலை நக்குது. நாளைக்குத் தின்னுரும்” என்றேன்.

அவள் சாக்கை எடுத்து விரித்தாள்.

“நக்கலீங்க டீச்சரம்மா. என் கைதான் நடுங்குது.”