ஈசான மூலையில் ஒரு சுவிட்ச்

திருப்பதியில ஒரு பார்சல் கம்பெனியில சர்வர் பார்த்துக்கினு இருந்தேன். ஐதராபாத்ல பெரிய சம்பளத்துல வேலை கிடைச்சிருந்தது. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, இங்கேர்ந்து ரிலீவிங் லெட்டர். எங்க மேனேஜரோ, "புது ஸ்டோரேஜை ஓட வெச்சுக் காட்டு, மறுநாளே கையெழுத்துப் போடறேன்"னார். அதுல என்ன இருக்குன்னு ஒத்துக்கினேன்.

வேலை இதுதான். சர்வருக்கும் டிஸ்க் பெட்டிக்கும் நடுவுல ரெண்டு பாதை, பாதைக்கு ஒரு சுவிட்ச், அதாவது கேபிளெல்லாம் சொருகற ஒரு பெட்டி. ஒண்ணு செத்தாலும் சர்வர்ல ஓடற லினக்ஸ் தானா இன்னொண்ணு வழியாப் போவணும். அதுக்கு மேல, இங்க எழுதற ஒவ்வொண்ணும் அப்பவே சித்தூர் ஆபீஸ் டிஸ்க்குலயும் நகலாவணும். அந்த நகலுக்காக பாகாலா வழியா பஸ்ல இடுப்பொடிய சித்தூருக்கு அலைஞ்சு, அதையும் முடிச்சேன்.

சோதனை நாள். மேனேஜர் எதிர்ல நாற்காலி போட்டுக்கினு உக்காந்தார். முதல் சுவிட்சை அணைச்சேன். அவ்ளோதான், சர்வர் மரமாட்டம் நின்னுடுச்சு. புக்கிங் கவுன்டர்ல ஒரே கூச்சல். திரும்பப் போட்டா, ஸ்கிரீன்ல ரெண்டு பாதையும் நல்லாருக்குன்னு காட்டுது. அணைச்சா சாவுது. அடச்சே! செட்டிங் எழுதியிருக்கற கான்பிக் பைலை வரி வரியாப் பார்த்தேன், மாத்தினேன், மாத்தினதைத் திரும்ப மாத்தினேன். சோறு கூடத் துன்னல. "சித்தூர்ல நகல் இருக்கில்ல, அதுல ஓட்டேன்"ங்கறார் அந்த மனுசன். அதை நாமதான் கையால மாத்தணும் சார், ரெண்டு பக்கமும் எழுதினா ரெண்டும் கெட்டுப்போவும்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்.

கடைசியில எரிச்சல்ல சர்வர் ரூமுக்குள்ள போயி, கேபிளைக் கையால தடவிக்கினே போனேன். ரெண்டும் ஒரே சுவிட்சுல சொருகியிருக்கு! இன்னொரு சுவிட்ச் எங்க? ஸ்டோர் ரூம்ல, அட்டைப்பெட்டி மேல, நெத்தியில குங்குமப் பொட்டோட உக்காந்துக்கினு இருக்கு. நான் சித்தூர்ல இருந்தப்போ வாஸ்துக்காரர் வந்தாராம். ஈசான மூலையில பாரம் இருக்கக் கூடாதுன்னாராம். மேனேஜரே பக்கத்துல நின்னு அதை எடுக்க வெச்சு, அதோட கேபிளை மிச்சமிருந்த சுவிட்சுல சொருக வெச்சிருக்கார். "பச்சை லைட்டு எரிஞ்சுதேய்யா!"ன்னு என்கிட்டயே நியாயம் கேக்கறார். எனக்கு வந்த ஆத்திரத்துல அவரையும் வாஸ்துவையும் சேர்த்து அந்த ஸ்டோர் ரூம்லயே பூட்டலாம்னு இருந்துச்சு.

வேறென்ன செய்ய, சுவிட்சைத் தூக்கினு வந்து மேற்குச் சுவர் ஓரமா வெச்சேன். அதுக்கு வாஸ்துவுல தடையில்லையாம். கேபிளைப் பிரிச்சுப் போட்டு, முதல் சுவிட்சை அணைச்சேன். கவுன்டர்ல யாருக்கும் ஒண்ணும் தெரியல. ரசீது பாட்டுக்கு வந்துக்கினே இருந்துச்சு.

மேனேஜர் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கினார். மனசாரத்தான் சொன்னார்: "நுவ்வு எள்ளிபோத்தே எலாகய்யா? நீ போயிட்டா இதையெல்லாம் இங்க எவன் கண்டுபிடிப்பான்? உன்னை அனுப்ப மாட்டேன்." லெட்டர் வரல. கெஞ்சினேன், சண்டை போட்டேன். ஐதராபாத்காரங்க கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துட்டு வேற ஆளைச் சேர்த்துக்கினாங்க.

சேதியை வீட்ல சொன்னேன். என் பொஞ்சாதி, ஐதராபாத்துக்குன்னு கட்டி வெச்சிருந்த பாத்திர மூட்டையை அவுத்து, ஒவ்வொண்ணா எடுத்து அலமாரியில அடுக்கினா. நல்லாத் திட்டியிருந்தா கூடத் தேவலைன்னு இருந்துச்சு.