ஒரு சீட்டுக்கு ஒருத்தர்

காலை ஆறரைக்குச் சென்னை சென்ட்ரலில் திருத்தணி மின்ரயில் ஏறினேன். எண்பது கிலோமீட்டருக்கு மேல். இரண்டு டீ குடிக்கிற காசில் போய்விடலாம். முருகனைப் பார்க்கப் போவதாகப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் மனைவியைத் திரும்ப அழைத்துவரப் போனேன்.

ஓய்வு பெற்று இரண்டு மாதம். அதுவரை அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அதன்பின் கண்காணிக்க வீடு மட்டுமே மிச்சம். குக்கர் ஏன் இத்தனை விசில், பால் ஏன் தாமதம் என்று வனஜாவிடம் விளக்கம் கேட்டேன். மூன்றாவது வாரம் அவள் திருத்தணிப் பக்கம் அம்மையார்குப்பத்தில் தறி போட்டிருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கெட்ட பெயர் இல்லாமல் நான் ஓய்வு பெற்றால் என் தலைமுடியைத் தருவதாக முருகனிடம் வேண்டியிருந்தாளாம். என் முடியை, என்னைக் கேட்காமல்.

“வெள்ளிக்கிழமை மலைக்கு வந்து மொட்டை போடுங்க. அப்பறம் பேசிக்கலாம்” என்றாள் போனில்.

பல வருடம் சாயம் பூசிக் காப்பாற்றிய முடி. அதில் அசல் எவ்வளவு தேறும் என்று முருகனுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

ஒன்பது மணிக்குத் திருத்தணி. நிலையத்து வாசலில் மலைக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார் ஆட்டோக்காரர். பாதி வழியில் கண்ணாடியில் பார்த்து, “மொட்டைங்களா சார்?” என்றார்.

“எப்படிப்பா கண்டுபிடிச்சே?”

“தலைய தடவிக்கினே வர்றீங்களே!”

மொட்டைக்குக் கட்டணம் இல்லை. சீட்டு மட்டும் வாங்க வேண்டும். மண்டபத்தில் ஒரே நெரிசல். வனஜா இன்னும் வரவில்லை. சும்மா நிற்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. கையைத் தட்டி, “வரிசையா வாங்க, வரிசையா” என்றேன். என் கெட்ட நேரம், எல்லாரும் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, பழகிப்போன அந்தக் குரல்.

நாவிதர் எதிரே ஓர் இளைஞன் மடியில் கைக்குழந்தையுடன் உட்கார்ந்திருந்தான்.

“ஒரு சீட்டுக்கு ஒருத்தர்தான். நீங்க எழுந்து தள்ளி நில்லுங்க” என்றேன்.

அவன் குழம்பிப்போய்க் குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். குழந்தை மண்டபம் அதிர வீறிட்டது. நாவிதர் கத்தியை விலக்கிக்கொண்டார்.

“தாய்மாமன் மடி சார் அது! மாமன எழுப்பி வுட்டா மொதல் மொட்டை எப்டி போடறது?”

குழந்தையின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க யாருங்க? கோயில் ஆளா?”

“இல்லை.”

“அப்ப யாரு?”

முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. பதவிப் பெயர் தொண்டைவரை வந்து நின்றது.

“நானும் மொட்டை போட வந்தவன்தான்.”

“அப்ப போய் கடைசில நில்லுங்க!”

மண்டபமே சிரித்தது. மாமனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார்” என்றான். அந்த ‘சார்’தான் அதிகம் சுட்டது. திரும்பினால் வாசலில் வனஜாவும் அவள் தம்பி குமாரும். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள்.

வனஜா குரலை உயர்த்தவில்லை. “நம்ம பொண்ணுக்கும் இங்கதான் மொட்டை போட்டோம். இவன் மடியிலதான் அழுதுகினு ஒக்காந்திருந்தா. உங்களுக்கு எங்க தெரியும்? அன்னிக்கு நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க.”

“விடுக்கா” என்றான் குமார். “வாங்க பாவா. வேணும்னா என் மடியில ஒக்காந்துக்குங்க.”

அவன் சிரித்தான். எனக்குத் தலை நிமிரவில்லை. மொட்டைக்கு அது வசதியாகவே இருந்தது.

வனஜா என் தலையில் சந்தனம் பூசினாள். தரிசனம் முடித்துப் பேருந்து நிலையத்துக்கு இறங்கினோம்.

“வீட்டுக்குக் கிளம்பு” என்றேன். அதுவும் உத்தரவாகவே வந்தது. திருத்தினேன்: “வர்றியா?”

“ஞாயித்துக்கெழம நீங்க வாங்க. தம்பி வூட்ல ரெண்டு நாள் இருங்க. தறி ஓடும், நூல் அறுந்துபோவும். ஏன்னு ஒரு கேள்வி கேக்கக் கூடாது. இருந்துட்டீங்கன்னா நான் வரேன்.”

அவர்கள் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்கள்.

திரும்பும் ரயிலில் எதிரே கொய்யாக் கூடையுடன் ஓர் அம்மாள். “இன்னா வேண்டுதல் சார்?” என்றார்.

உத்தியோகம், பேரன், ஏதாவது சொல்லியிருக்கலாம். “பொண்டாட்டி வீட்டுக்கு வரணும்னு” என்றேன்.

அவர் கூடையை நகர்த்திவிட்டு முன்னால் சாய்ந்தார்.

“வந்துட்டாங்களா?”

“ரெண்டு நாள் நான் வாய மூடிக்கினு இருக்கணும்.”

அந்த அம்மாள் என்னை நிதானமாகப் பார்த்தார். பிறகு கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து என் கையில் வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.