மாஸ்டரின் கறுப்பு பெல்ட்

என் அக்கா சலவைக் கடை வைத்திருக்கிறாள். இங்க், எண்ணெய், ரத்தம், எந்தக் கறையும் அவளிடம் தப்பாது. அவளைச் சீண்டியவனும் தப்பமாட்டான். அதே கடையில் இஸ்திரி போடுகிற தங்கை நான், கூடவே இருந்து பார்த்தவள்.

அவளுடைய ஒரே மகள், பத்து வயசு, எதிர்மாடியில் கராத்தே படித்தாள். ஒருநாள் பயிற்சியில் மூக்கில் அடிபட்டு மஞ்சள் பெல்ட்டெல்லாம் ரத்தம். அக்கா கைப்பழக்கத்தில் அதைத் துவைத்துவிட்டாள். மறுநாள் மாஸ்டர் எல்லாப் பெற்றோர் முன்னாலும் பிள்ளையை நிறுத்தினார்.

“பெல்ட்டைத் துவைக்கவே கூடாதுன்னு தெரியாதா? அதுல இருக்கறது உழைப்பு! என்னோடதைப் பாரு, இருபது வருஷமா தண்ணி பட்டதில்ல. உங்கம்மாவுக்கு எல்லாமே அழுக்குத்துணிதான்.”

நாலு பேர் சிரித்தார்கள். பெல்ட்டை அவிழ்த்து வாங்கிக்கொண்டார். சட்டை தொளதொளவென்று தொங்கப் படியிறங்கி வந்த பிள்ளை, அப்புறம் மாடிப் பக்கமே போகவில்லை. கடைக்குக்கூடப் பின்வாசல் வழியாகத்தான் வந்தாள்.

அக்கா போய்க் கேட்டாள். “துவைச்சது நான். என்னைத் திட்டுங்க மாஸ்டர், புள்ளையோட பெல்ட்டைக் குடுத்துடுங்க.”

“முதல்படி வெள்ளை பெல்ட்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்கட்டும்மா” என்று கதவைச் சாத்தினார் அந்த மகானுபாவர்.

அக்கா திரும்பி வந்து பாதியில் விட்ட துணியை எடுத்து அடித்துத் துவைத்தாள். மூன்று மாதம் கறுவிக்கொண்டே இருந்தாள். மாஸ்டரின் சீருடை வாராவாரம் எங்களிடம்தான் வரும்.

“பேன்ட் நாடாவையாவது அறுத்து விடட்டுமாக்கா?” என்றேன்.

“தொழில்ல கை வைக்காதடி. நேரம் வரட்டும்.”

வந்தது. மாஸ்டர் வெளியூர் போயிருந்த அன்று அவர் மனைவி பையோடு வந்து நின்றாள்.

“இந்த நாத்தத்தையும் போட்டுடுங்கக்கா. வீட்டுல வைக்க முடியல.”

உள்ளே அந்தக் கறுப்பு பெல்ட். மூன்று மாதத்தில் முதல்தடவையாக அக்கா சிரித்தாள். “கஸ்டமர் சொல்லைத் தட்டலாமா?”

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், சோப்புத்தூள் ரெண்டு பங்கு. இருபது வருஷப் பெருமை கரைந்து போகட்டும் என்றுதான் முக்கினாள். தண்ணீர் கறுத்தது. மாற்றினாள். மறுபடியும் கறுத்தது. மூன்றாம் தண்ணீரில் அவள் கை நின்றுவிட்டது.

“அடியே, இங்க வா. கடைல வாங்கின பெல்ட்டுல சாயம் இப்படிப் போகாது. இது வீட்டுல குண்டான்ல முக்கினது.”

தூக்கிப் பிடித்தாள். பழுப்பு பெல்ட்! கறுப்புக்கு ஒருபடி கீழே. கடைசிப் பரீட்சையில் தேறாதவர் கட்டுவது. எனக்கு வந்த சந்தோஷத்தை ஏன் மறைக்க வேண்டும், கைதட்டினேன்.

சாயங்காலம், பெற்றோர்கள் பிள்ளைகளோடு வந்து சேரும் நேரம் பார்த்து, அக்கா அதைக் கடைவாசல் கம்பியில் நீளமாக விரித்துப் போட்டாள். ஊரிலிருந்து வந்த மாஸ்டர் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடினார், அதே வேகத்தில் இறங்கி வந்தார். கையில் மஞ்சள் பெல்ட்.

“அக்கா, பாப்பாவோடது. அதை மட்டும் எடுத்துடுங்கக்கா.”

நேற்றுவரை ‘ஏம்மா’ என்று கூப்பிட்டவர். படிக்கட்டில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை முன்வாசலுக்கு வந்து, அவர் கையிலிருந்து பெல்ட்டை வாங்கித் தானே இடுப்பில் கட்டிக்கொண்டாள். அக்கா கம்பியில் இன்னொரு கிளிப்பை மாட்டினாள்.

“அவசரப்படாதீங்க மாஸ்டர். இன்னும் நாலு தண்ணி அலசினா வெள்ளையே வந்துடும். அதுலேருந்து மறுபடி ஆரம்பிங்க.”