சுபாஜினியின் நிறக் கொப்பி

சுபாஜினிக்கு அதிர்ஷ்டமாம். வெள்ளவத்தையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். மண்ணாங்கட்டி! பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், டோரின், கொட்டாஞ்சேனைக்காரி. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. காலி வீதியில் ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில் கம்பியூட்டர் டிசைன் வகுப்பு. ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். என்னோடு உட்கார்ந்தவள் சுபா. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வவுனியா முகாமில் கொழும்புக்கு வரப் பாஸ் கிடைக்கும்வரை காத்துக் கிடந்து, தாய் பாலேஸ்வரியோடு ஒரு லொட்ஜ் அறையில் வந்து ஒதுங்கியவள். மவுஸைத் தொட்ட மூன்றாம் நாளே எங்களுக்குப் படிப்பித்த சேரே எட்டிப் பார்க்கும்படி படம் கீறினாள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் மாதா மன்னிக்கமாட்டார்.

வகுப்பு முடிந்ததும் முதல் வேலை சொந்தத்துக்குள்ளேயே வந்தது. கனகேஸ்வரி மாமியின் மூத்த மகளுக்குக் கலியாணம். “அழைப்புக் காட் நான் செய்து தாறன் மாமி” என்று வாயைக் கொடுத்தாள். குங்குமச் சிவப்பு. திரையில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இன்னும் எடுப்பாக இருக்கட்டுமென்று அந்தச் சிவப்புக்குள் கொஞ்சம் கறுப்பையும் கலந்திருந்தாள். அச்சாகி வந்த நானூறு காட்டும் காய்ந்த இரத்த நிறம். ஓரங்கள் கறுப்பேதான்.

மாமி ஒரு காட்டை எடுத்துத் தன் நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“இந்தக் குங்குமத்தையெல்லோ கேட்டனான்? இதென்ன, கலியாணக் காட்டோ, அந்தியேட்டிக் காட்டோ?”

செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் சடங்கின் பெயரைச் சொன்ன பிறகு அந்தக் காட்டை யார் தொடுவார்? கொடுக்கமுன் மூலையில் பூசுகிற மஞ்சள் ஒன்றில்கூடப் படவில்லை. மாமி வேறிடத்தில் காட் அடித்துக்கொண்டார்.

பாலேஸ்வரி அன்ரி அன்றே முடிவு சொன்னார். “இனிக் காணும் பிள்ளை. தை பிறக்கிறதுக்குள்ள ஒரு வேலை எடு. இல்லாட்டி கனடாவுக்கு ஓமெண்டு சொல்லப்போறன்.”

கனடாவில் ஒரு மாப்பிள்ளை காத்திருந்தார். படத்தில் நல்ல மனுசன்தான். ஆனால் சுபாவுக்கு இந்தத் தொழில்தான் வேண்டும். இரண்டு நாள் போர்வைக்குள் கிடந்தவளைப் போய் நான்தான் இழுத்தேன்.

“அழுது முடிஞ்சா எந்திரிடி. ஏன் கறுத்துச்சுன்னு அச்சுக்காரங்ககிட்டயே போய்ப் பார்ப்போம்.”

எங்கள் ஒழுங்கையில் யோசெப்பின் அக்காவுக்கு ஒரு அச்சகம் இருந்தது. கலண்டர், பிஸ்கட் லேபல் என்று கலர் வேலை. சுபா காலையிலிருந்து பின்னேரம்வரை மெஷினை வெறித்தபடி நின்றாள். திரையில் தெரிவது வெளிச்சம். தாளில் விழுவது நான்கு மை, ஒன்றன்மேல் ஒன்று. அதில் கறுப்பு கொஞ்சம் கூடினாலும் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. எங்கள் சேரே அச்சகத்துப் படி மிதித்திருக்கமாட்டார்!

பிறகு அவள் கேட்டதுதான் விசித்திரம். அச்சடித்த தாளின் நாலு பக்க ஓரத்தையும் வெட்டி எறிவார்கள். அந்த ஓரத்தைத் தனக்குத் தரச் சொன்னாள்.

“என்னா? குப்பைக்குப் போறதையா கேக்குறீங்க?” என்று யோசெப்பின் அக்கா சிரித்தார். “எடுத்துக்கங்க. பதிலுக்கு எங்களுக்குக் கம்பியூட்டர்ல தமிழ் எழுத்து அடிக்கிற வேலையச் செஞ்சி குடுங்க.”

ஆவணியிலிருந்து மார்கழிவரை இதே வேலை. யாருடைய கலண்டர் அச்சுக்குப் போனாலும் அதன் ஓரத்தில் நகத்தளவு நிறச் சதுரங்களை வரிசையாக வைப்பாள். வெட்டி விழுந்த துண்டைப் பொறுக்கிக் கொப்பியில் ஒட்டி, எந்த மை எவ்வளவு என்று கீழே எழுதுவாள். முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தது மாமியின் காட். “அந்தச் சனியனக் கிழிச்சி எறிடி” என்றேன். “கிடக்கட்டும்” என்றாள்.

மார்கழிக் கடைசியில் நுகேகொடையில் ஒரு விளம்பரக் கம்பனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது, எங்கள் இருவரையும். போகிற வழியில் செக்பொயிண்ட். பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். கொப்பியைப் புரட்டிய ஆமிக்காரனின் முகம் மாறியது. பக்கம் பக்கமாக இலக்கங்கள், ஏதோ இரகசியக் குறிப்புப்போல!

“மேக்க மொகக்த?” என்று அதட்டினான், இது என்னவென்று. சுபா, “பாட்ட, சேர், பாட்ட” என்றாள். நிறமாம். அவன் நம்பவில்லை. அவள் கொப்பியை வாங்கி, ஒரு பச்சைப் பக்கத்தை விரித்து, அவன் சட்டைக் கைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அச்சொட்டாக அதே பச்சை. அவன் சிரித்துவிட்டான். ஆனாலும் விட ஒரு மணித்தியாலம் ஆயிற்று.

பிந்திப் போய் மூச்சிரைக்க உட்கார்ந்தோம். லுத்பியா மிஸ் என்பவர்தான் டிசைன் பகுதிக்குத் தலைவி. திரையில் ஒரு நகைக்கடை விளம்பரத்தைக் காட்டினார். பின்னணி செக்கச் சிவப்பு.

“இந்தச் செவப்பு பேப்பர்ல எப்பிடி வரும்?”

“இப்படியே வரும் மிஸ்” என்றேன் நான், பெரிய மேதாவிபோல.

“கறுத்துப்போகும் மிஸ்” என்றாள் சுபா. கொப்பியை விரித்து இரண்டு துண்டுகளைக் காட்டினாள். “இப்பிடியே விட்டா இது வரும். கறுப்பை எடுத்துப்போட்டு மஞ்சளைக் கூட்டினா இது வரும்.”

மிஸ் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே போய் முதல் பக்கத்துக்கு வந்தார். “இது யாருட வேல?”

“என்ர வேலைதான். பிழைச்சுப்போனது.”

மிஸ் அந்தக் காட்டையும் திருத்திய சிவப்பையும் மாறி மாறிப் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “தை மாசத்துல இருந்து வாங்க. கொப்பியையும் கொண்டு வாங்க.”

எனக்கு வேலை இல்லை. போனால் போகட்டும்! பஸ்ஸில் சனம் பார்க்கப் பார்க்க அவளைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். அன்றைக்கே பாலேஸ்வரி அன்ரி கனடாப் படத்தைத் திருப்பி அனுப்பினார்.

இரண்டு வருடம் கழித்து கனகேஸ்வரி மாமி வந்தார். சின்னவளுக்குக் கலியாணம். “காட்டை நீதான் பிள்ளை செய்யவேணும்” என்றார், பழைய கதையை எடுக்காமல்.

காட் வந்த அன்று நானும் சுபா வீட்டில் இருந்தேன். மாமி ஒன்றை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போனார். பொட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார்.

பிறகு, குசினியில் சமைத்துக்கொண்டிருந்த பாலேஸ்வரி அன்ரிக்குக் குரல் கொடுத்தார்.

“மச்சாள், மஞ்சளைக் குழையுங்கோ.”