கோட்டைத் தொட்ட எச்சில்

எச்சிலைப் பார்த்தே, வயிற்றிலிருக்கும் பிள்ளை குப்புறக் கிடக்கிறதா மல்லாந்து கிடக்கிறதா என்று சொல்லிவிடுவாள் எச்சிலக்கா. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். ஆனால் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாகக் கர்ப்பிணிகளின் எச்சிலை டியூபில் வாங்கிச் சோதிக்கிறவளுக்கு அசல் எது, போலி எது என்று தெரியாதா?

அந்த எச்சிலில் ஒரு அமிலம் ஏறியிருந்தால், தாய்க்கு ரத்தக் கொதிப்பும் வலிப்பும் வரப்போவது முன்னாலேயே தெரிந்துவிடும். "கோடு வரைக்கும் துப்பும்மா! கோடு தொடாம குடுத்தா வாங்க மாட்டேன்" என்று நாளெல்லாம் அதட்டுவாள்.

அன்று அவள் வேலைக்கு வந்தபோது, எட்டு மாத வயிற்றோடு தங்கை வாசலில் நின்றாள். போன தடவை ஏழாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். இரண்டு நாளாகத் தலைவலி. வீங்கிய காலில் செருப்பு நுழையவில்லை. ரத்த அழுத்தமோ இதோ அதோ என்று நின்றது. எச்சில் முடிவைப் பார்த்துத்தான் சேர்ப்பதா அனுப்புவதா என்றிருந்தார் டாக்டரம்மா. அக்கா வருவதற்குள் ராத்திரி வேலைக்காரி எச்சிலை வாங்கிச் சோதித்தும் முடித்திருந்தாள்.

"பயமில்லையாம்க்கா. வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

அக்கா உள்ளே போய், சோதனைக்கு ஒரு சொட்டு எடுத்தது போக மிச்சமிருந்த தங்கையின் டியூபைத் தூக்கிப் பார்த்தாள். சரியாகக் கோட்டைத் தொட்டிருந்தது. ஆனால் நுரை இல்லை, இழை இல்லை.

"என்னடி துப்பின?"

"எச்சில்தான்."

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

தங்கையின் உதடு கோணியது. "பயத்துல வாய் காஞ்சு போச்சுக்கா. கோடு தொடலைன்னா வாங்க மாட்டேன்னு நீதானே... குழாய்த் தண்ணி ஒரு வாய் சேர்த்துட்டேன்."

அக்கா டாக்டரம்மாவின் கதவைத் தட்டவில்லை, தள்ளினாள். "தங்கச்சி குடுத்தது பாதி தண்ணிம்மா. தப்பு என்னோடது."

"உடனே மறுபடி எடு."

எடுக்க வாயில் ஈரம் வேண்டுமே! தங்கையின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து டியூபை ஏந்தினாள் அக்கா. "துப்புடி. சின்ன வயசுல சண்டைன்னா என் மூஞ்சியில துப்புவியே, அப்படி நெனச்சுத் துப்புடி!"

"இப்போ அந்த மூஞ்சி இல்லக்கா. பார்த்தா பாவமா இருக்கு."

சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கோட்டைத் தொடவில்லை. ஆறு வருஷத்தில் முதல்முறையாகக் கோடு தொடாததை வாங்கிக்கொண்டாள் அக்கா. இயந்திரம் காட்டிய எண் எகிறியிருந்ததைப் பார்த்ததும் டாக்டரம்மாவிடம் பாய்ந்தாள். தங்கையை நேரே அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கதவு மூடிக்கொண்டது.

பிள்ளை பிறந்ததும் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரிக் கண்ணாடியெல்லாம் விரிசல் விட்டுப்போயிற்று.

இந்த இடத்தை நான் படித்துக் காட்டியபோது, மடியிலிருந்த பிள்ளையைத் தட்டிக்கொண்டே தங்கை நிறுத்தினாள்.

"பொய். அது அழவே இல்ல. பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள சத்தமே இல்லாம கெடந்துச்சு. கூச்சல் போட்டது அக்கா."